பெட்டிக்கு ஓர் அறை

"பெட்டி ரூம் சாவியக் குடுங்க சார்" என்றேன்.

தலைமையாசிரியர் பச்சியப்பன் வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினார். முதலில் வாசலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அதற்குப் பிறகு இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். சாவி அரைஞாண் கயிற்றில் பத்திரமாக இருந்தது.

நான் வேலையில் சேர்ந்த அன்றைக்கே அவர் விவரமாகச் சொல்லியிருந்தார். லீவு கேட்கலாம். கடன் கேட்கலாம். வீட்டுக்குப் பக்கத்தில் மாற்றல் கேட்கலாம். கிடைக்காது, ஆனால் கேட்கலாம். கொழிஞ்சனஅள்ளி தொடக்கப் பள்ளியில் யாரும் கேட்கவே கூடாதது அந்தச் சாவி ஒன்றுதான்.

"எதுக்கும்மா?" என்றார்.

"ஒண்ணாங் கிளாஸ உள்ள உக்கார வைக்கத்தான். வராண்டாவுல பத்து மணிக்கு மேல வெயிலு நேரா மூஞ்சியில அடிக்குது சார்."

"உள்ள பெட்டி இருக்குதேம்மா."

"பெட்டி ஒரு மூலையில இருக்கட்டும். பாக்கி மூணு மூலையில புள்ளைங்க உக்காந்துக்கும்."

"பெட்டி இருக்கிற ரூம்ல புள்ளைங்களா!"

பால் சட்டி இருக்கும் அறையில் பூனைகளைக் கொண்டுபோய்ப் படுக்க வைக்கச் சொன்னதுபோல இருந்தது அவர் முகம். வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "ஏம்மா, உனக்கு இன்னும் பர்மனென்ட்டு ஆவல. எனக்கு ரிட்டையராவ ஒரு வருசந்தான் பாக்கி. ரெண்டு பேரும் நல்லபடியாப் போயிடலாமே."

பெட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பின்தங்கிய மாவட்டங்களில் கல்வியை உயர்த்துவதற்காகக் கல்வி மேம்பாட்டு இயக்கம் என்ற ஒன்று ஆரம்பிக்கப்பட்டது. அந்த இயக்கம் எங்கள் பள்ளிக்கு இரண்டு காரியங்கள் செய்தது. முதல் காரியம், ஓடு சரிந்த பழைய அறைக்குப் பக்கத்தில் கான்கிரீட் போட்ட புது அறை ஒன்று. ஊர்ப் பெண்கள் தண்ணீர் சுமந்தார்கள், ஆண்கள் கல் சுமந்தார்கள், ஒழுகாத கூரைக்குக் கீழே தங்கள் பிள்ளைகள் உட்காரப் போவதாக எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். இரண்டாவது காரியம், ஒரு பெரிய தகரப் பெட்டி. அதற்குள் உலக உருண்டை, தேசப்படம், பூதக்கண்ணாடி, காந்தம், மணிச்சட்டம், மரத்தில் செதுக்கிய எழுத்துகள், ஓர் ஆர்மோனியம். சிமென்ட் காய்ந்த வாரத்திலேயே பெட்டி ஜீப்பில் வந்து இறங்கியது. விலை உயர்ந்த பொருள், ஒழுகாத அறையில்தான் வைக்க வேண்டும் என்று உத்தரவும் அதோடு வந்தது. ஊரில் ஒழுகாத அறை ஒன்றுதான் இருந்தது.

ஆக, இரண்டிலிருந்து ஐந்து வரை பழைய அறையில். நான்கையும் ஐந்தையும் தலைமையாசிரியர் பார்த்துக்கொண்டார். மற்ற மூன்று வகுப்பும் எனக்கு. ஒன்றாம் வகுப்பு பெட்டி அறையின் வராண்டாவில். நான் இரண்டுக்கும் நடுவில் நின்று, தலையை உள்ளே நீட்டிப் பெருக்கல் வாய்ப்பாடும் தலையை வெளியே எடுத்து அ ஆவும் சொல்லிக்கொடுத்தேன். கழுத்து வலிக்கு எங்கள் இயக்கத்தில் எந்தத் திட்டமும் இல்லை.

சாவி கிடைக்காததால் மனு எழுதினேன். எங்கள் வகையறாவில் மனு எழுதத் தெரிந்த முதல் ஆள் நான்தான். என் அப்பா அப்துல் சுபான் காரிமங்கலம் சந்தையில் வளையல் விற்றுத்தான் என்னை பி.ஏ. வரைக்கும், அதற்கு மேல் டீச்சர் டிரெயினிங் வரைக்கும் படிக்க வைத்தார். படித்தால் எதையும் கேட்கலாம் என்று அவர் நினைத்திருந்தார். நானும்தான்.

மனுவுக்குப் பலன் இருந்தது. உதவிக் கல்வி அலுவலர் காளியப்பன் நேரிலேயே வந்தார்.

ஜீப்பிலிருந்து இறங்கியவர் வராண்டாவில் கால் வைக்க இடமில்லாமல் பிள்ளைகளைத் தாண்டித் தாண்டிப் போய், பெட்டி அறைக்குள் நுழைந்து வெகுநேரம் நின்றார். பெட்டியின் மேல் விரலால் கோடு போட்டுத் தூசி பார்த்தார். சுவரைத் தடவி ஈரம் பார்த்தார். ஜன்னலைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"என்ன பச்சியப்பன், வெளிச்சம் வருது?"

"ஜன்னலுங்க சார்."

"வெளிச்சம் பட்டா மேப்பு வெளுத்துப் போகாது?"

"மேப்பு பெட்டிக்குள்ளதானே சார் இருக்குது?" என்றேன் நான்.

"நீதான் மனுப் போட்டதா? பேரு?"

"அஸ்கரி பேகம்."

"பி.ஏ.வா? வூட்ல வேற யாராச்சும் படிச்சிருக்காங்களா?"

"இல்லைங்க சார். நான்தான் முதல்."

"அதான்" என்றார், டாக்டர் வியாதியைக் கண்டுபிடித்த மாதிரி.

பிறகு உட்கார்ந்து, டீ குடித்துக்கொண்டு, எனக்கு நிதானமாக விளக்கினார். கோபமே இல்லை அவருக்கு. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"பாரும்மா. ஒரு புள்ள ஸ்கூல விட்டு நின்னு போச்சுன்னு வெய்யி. மாச அறிக்கையில 'இடைநின்றவர்'னு ஒரு கட்டம் இருக்குது. அதுல போட்டுடலாம். எவ்வளவு வேணும்னாலும் போடலாம், யாரும் கேக்க மாட்டாங்க. ஆனா ஒரு பூதக்கண்ணாடி ஒடஞ்சி போச்சுன்னு வெய்யி. அதுக்குக் கட்டமே கெடையாது. எங்க கொண்டுபோய்ப் போடறது? நீயே சொல்லு."

டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவரே தொடர்ந்தார்.

"வெயிலு வெயிலுங்கற. இதுங்களுக்கு வெயிலு பழக்கந்தானே. நாமெல்லாம் அப்படிப் படிச்சித்தானே வந்தோம்?"

"சார் எங்க படிச்சீங்க?"

"சேலத்துல. கான்வென்ட்டுல."

அடுத்த வாரம் கொத்தனார் வந்து பெட்டி அறை ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டுப் போனார். என் மனுவின் மேல் நடவடிக்கை எடுக்கப்பட்டதாகக் கடிதம் வந்தது.

நானும் சும்மா இருக்கவில்லை. உருண்டை இல்லாமல் உலகத்தை எப்படிக் காட்டுவது? மூன்றாம் வகுப்புக்கு ஒரு நல்ல பூசணிக்காயைக் கொண்டுவந்து, சாக்பீஸில் கடலும் கரையும் போட்டு, மெழுகுவர்த்தியைச் சூரியனாக்கிச் சுற்றிக் காட்டினேன். ராத்திரியும் பகலும் எப்படி வருகிறது என்று அன்றைக்குத்தான் பிள்ளைகளுக்குப் புரிந்தது. உண்மையைச் சொன்னால், எனக்கும் அன்றைக்குத்தான் சரியாகப் புரிந்தது. பாடம் முடிந்ததும் சத்துணவு சமைக்கும் காசியம்மாள் வந்து பூசணிக்காயைத் தட்டிப் பார்த்தாள்.

"இது இன்னும் வேணுங்களா டீச்சர்?"

"வேணாம்."

அன்று சாம்பாரில் ஆப்பிரிக்கா கிடந்தது. பிள்ளைகள் எனக்கு எந்தக் கண்டம், உனக்கு எந்தக் கண்டம் என்று சண்டை போட்டுக்கொண்டு சாப்பிட்டார்கள்.

இதை யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு ஒரு மெமோ வந்தது. அங்கீகரிக்கப்பட்ட உலக உருண்டை பள்ளியில் இருக்கும்போது அங்கீகரிக்கப்படாத உலக உருண்டையைப் பயன்படுத்தியது ஏன், பின்னர் அதை அழித்தது ஏன் என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். தலைமையாசிரியர் மெமோவைப் படித்துவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அழிச்சதுக்கு வேணும்னா காசியம்மாளக் காட்டிக் குடுத்துடலாம். உண்டாக்குனதுக்கு நீதான் பதில் சொல்லணும்."

அந்த விளக்கத்தில் நான் ஒரு வரி கூடுதலாக எழுதிவிட்டேன். பெட்டி திறக்கப்படாமலே இருப்பதால் பிள்ளைகளுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை என்று. அந்த வரிக்கும் நடவடிக்கை எடுத்தார்கள். வெள்ளிக்கிழமைதோறும் பெட்டியைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது.

காட்டினோம். அறைக் கதவைத் திறந்து, பெட்டிக்கு முன்னால் கயிறு கட்டி, தலைமையாசிரியர் பெட்டியின் மூடியை ஒரு முழம் உயர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்பார். பிள்ளைகள் வரிசையாக வந்து, கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று, எட்டிப் பார்த்துவிட்டு நகர வேண்டும். ஜன்னல் அடைத்த அறையில் என்ன தெரியும்? "நகரு, நகரு, பின்னால வர்றவங்களுக்கு வழிய வுடு" என்று அவர் சொல்லிக்கொண்டே இருப்பார். நான்காவது வெள்ளிக்கிழமை ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று கன்னத்தில் போட்டுக்கொண்டு போயிற்று. அதற்கடுத்த வாரம் எல்லாப் பிள்ளைகளும் போட்டுக்கொண்டார்கள். தலைமையாசிரியர் தடுக்கவில்லை. "பய பக்தி வந்தா ஒடைக்க மாட்டானுங்க" என்றார்.

கண்ணால் பார்க்க முடியாததை வாயால் படிக்கலாம் இல்லையா? பெட்டிக்குள் இருப்பதை மனப்பாடம் செய்ய வைக்கும்படி அடுத்த உத்தரவு. வாய்ப்பாடு மெட்டிலேயே ஒன்றாம் வகுப்பு பாட ஆரம்பித்தது: "உலக உருண்டை ஒன்று, தேசப்படம் ஒன்று, பூதக்கண்ணாடி ரெண்டு..." எழுத்து ஒன்றும் தெரியாத பிள்ளைகூட இதை மூச்சு விடாமல் ஒப்பிக்கும்.

இவ்வளவு அருமையான பெட்டிக்கு ராத்திரியில் காவல் இல்லையே என்று மேலே யாருக்கோ கவலை வந்திருக்கிறது. மூன்றாவதாக ஒரு டீச்சர் வேண்டும் என்று எங்கள் பள்ளியிலிருந்து பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தோம். ஒருநாள் ஒரு ஆள் பணி உத்தரவோடு வந்து நின்றதும் ஓடிப்போய் வரவேற்றேன்.

"எந்தக் கிளாஸ் எடுக்கறீங்க சார்?"

"நான் பெட்டிக்கு வந்திருக்கிறேங்க" என்றார் இன்னாசி.

நல்ல மனிதர். பகலிலும் காவல், இரவிலும் காவல். வராண்டாவில்தான் கட்டில் போட வேண்டும் என்று உத்தரவில் இருந்தது. கட்டில் வந்ததும் ஒன்றாம் வகுப்பு மைதானத்துக்கு இறங்கியது. இன்னாசிக்கே அது உறுத்தியிருக்க வேண்டும்.

"நான் கேட்டனுங்க டீச்சர். பெட்டிக்கு ஒரு ஆளு போட்டீங்க, புள்ளைங்களுக்கு எப்போ போடுவீங்கன்னு ஆபீசுல வாய் வுட்டே கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"அது வேற செக்‌ஷனாமுங்க."

நான் ஒவ்வொரு முறை வாயைத் திறந்தபோதும் பிள்ளைகள் ஓரடி வெளியே தள்ளப்பட்டார்கள். அறை கேட்டேன், ஜன்னல் போயிற்று. பெட்டியைத் திறங்கள் என்றேன், கயிறு வந்தது. ஆள் கேட்டோம், வராண்டாவும் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இதைச் சொல்லி அழுதபோது அம்மா ஜான் பீ, "வாய மூடிக்கிட்டு இரேன்" என்றாள். அப்பா வளையல்களை நூலில் கோத்துக்கொண்டிருந்தார். என் சம்பளம் வர ஆரம்பித்த பிறகுதான் வீட்டுக்குக் கரண்ட் வந்தது. அவர் தலைக்கு மேலே பல்ப் எரிந்துகொண்டிருந்தது.

மார்ச் மாதம் வெயில் ஏறியது. மைதானத்து மண் அடுப்பு மாதிரி காய்ந்தது. பிள்ளைகள் சிலேட்டைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்; எழுத வேண்டும் என்றால் தலை சுடும், தலையைக் காக்க வேண்டும் என்றால் எழுத முடியாது. ஒன்று, இரண்டு என்று பள்ளியை விட்டு நிற்க ஆரம்பித்தார்கள். காளியப்பனின் கட்டத்தில் போட்டுக்கொண்டிருந்தோம். ஒருநாள் சின்னம்மாள் என்ற பிள்ளை, எழுத்துக் கூட்டி வாசிக்க ஆரம்பித்திருந்த ஒரே பிள்ளை, "பட்டம்" என்று எழுதிக்கொண்டிருந்தபோதே மூக்கில் ரத்தம் ஒழுக மயங்கிச் சாய்ந்தாள்.

மறுநாள் அவள் அம்மா மாதம்மாள் வந்தாள். சண்டை போட வரவில்லை. பிள்ளையின் சிலேட்டை எடுத்துக்கொண்டு போக வந்திருந்தாள்.

"பாலக்கோடு ரோட்டுல தக்காளிக் காட்டுக்குப் போறேனுங்க டீச்சர். இவளயும் கூட்டிக்கிட்டுப் போயிடறேன். அங்கன்னா கூடைய அடுக்கி நெழலு பண்ணி உக்கார வெப்பேன். பள்ளிக்கொடத்துக்கு அனுப்புனா வெயிலு, காட்டுக்கு அனுப்புனா நெழலு. நீங்களே சொல்லுங்க, எது படிப்பு?"

"இன்னும் கொஞ்ச நாள் பொறுங்க மாதம்மா. எழுத்துக் கூட்டறா. இப்ப வுட்டா எல்லாம் போயிடும்."

"அந்த ரூமுக்குத் தண்ணி சொமந்தவ நானு. என் இடுப்பு இன்னமும் வலிக்குது. எம் புள்ள உக்காரும்னுதான் சொமந்தேன். பெட்டி உக்காரும்னு யாரும் சொல்லல."

"தர்மபுரியில கூட்டம் நடக்கப் போவுது. மெட்ராஸ்லருந்து பெரிய ஆபீசர் வர்றாரு. நம்ம பள்ளிக்கூடத்துக்குப் பரிசாம். நேராவே கேட்டுடறேன்."

"கேளுங்க. அவரும் இல்லைன்னு சொல்லிட்டா திங்கக்கெழமையிலருந்து எங்க தெரு புள்ளைங்க ஒண்ணும் வராது."

மாதம்மாள் சொன்னால் அந்தத் தெரு கேட்கும். அந்தத் தெருதான் முழு ஒன்றாம் வகுப்பு.

பரிசு எதற்கு என்றால், மாவட்டத்திலேயே உபகரணங்களைச் சிறப்பாகப் பராமரித்த பள்ளி நாங்கள்தானாம். வெள்ளிக்கிழமை காலையில் பெட்டியை அழைத்துப் போக ஜீப் வந்தது. பெட்டிக்கு அடியில் மெத்தை விரித்தார்கள். ஒரு பக்கம் இன்னாசி, மறுபக்கம் தலைமையாசிரியர். காவலும் பூட்டும் பெட்டியோடுதான் பயணம் செய்ய வேண்டும் என்பது விதி. அறைக் கதவில் தொங்கிய பெரிய பூட்டைக் கழற்றிப் பெட்டியில் மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். அறை வெறும் தாழ்ப்பாளோடு நின்றது. விழாவில் ஒப்பிப்பதற்காக ஒன்றாம் வகுப்பு முழுவதையும் நானும் மாதம்மாளும் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனோம். பிள்ளைகள் நின்றுகொண்டே வந்தார்கள். மற்ற வகுப்புகளுக்கு அன்று விடுமுறை.

தர்மபுரியில் பெரிய மண்டபம். மேடைக்குப் பின்னால் துணியில் எழுதிக் கட்டியிருந்தார்கள்: "பின்தங்கிய மாவட்டத்தில் அரசுப் பள்ளிக் கல்வியை உயர்த்துவது எப்படி?" அதற்குக் கீழே, மேடையின் நடுவில், மாலை போட்டுக்கொண்டு பெட்டி. அதற்கு நேர் மேலே ஒரு மின்விசிறி. பிள்ளைகளை ஓரத்தில் தரையில் உட்கார வைத்தார்கள். சிமென்ட் தரை ஜில்லென்று இருந்தது. சின்னம்மாள் கன்னத்தைத் தரையில் வைத்துப் பார்த்துக்கொண்டாள்.

காளியப்பன் வரவேற்றுப் பேசினார்.

"மற்ற பள்ளிகளிலே நடந்த கொடுமையை இந்த நேரத்திலே நான் சொல்லியாக வேண்டும். உலக உருண்டையைப் பிள்ளைகள் சுற்றியிருக்கிறார்கள்! ஆர்மோனியத்தை வாசித்திருக்கிறார்கள்! ஒரு பள்ளியிலே, ஐயா, பூதக்கண்ணாடியை வெளியே எடுத்துப் போய் எறும்பைப் பார்த்திருக்கிறார்கள். அந்தப் பள்ளிகளிலே பொருள்கள் தேய்ந்துவிட்டன. ஆனால் கொழிஞ்சனஅள்ளியிலே இத்தனை காலமாகியும் ஒரு குழந்தையின் விரல்கூடப் பட்டதில்லை. ஒரு கல்வித் திட்டத்தைக் குழந்தைகளிடமிருந்து எப்படிக் காப்பாற்றுவது என்பதற்கு இந்தப் பள்ளி ஓர் எடுத்துக்காட்டு!"

கைதட்டினார்கள். தலைமையாசிரியர் எழுந்து நின்று கும்பிட்டார்.

பிள்ளைகள் ஒப்பித்தார்கள். மெட்ராஸ் அதிகாரிக்குப் பரம திருப்தி. சின்னம்மாளைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"உலக உருண்டைன்னா என்னம்மா?"

"பெட்டிக்குள்ள இருக்குதுங்க சார்."

"எப்படி இருக்கும்?"

"பத்திரமா இருக்குதுங்க சார்."

"அருமை!" என்றார் அதிகாரி. பலத்த கைதட்டல். மண்டபத்தில் நூறு பேருக்கு மேல் இருந்தார்கள், எல்லோரும் கல்விக்காரர்கள். ஒருத்தர் முகத்திலாவது சிரிப்பு வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை.

பள்ளியின் சார்பில் யாராவது இரண்டு வார்த்தை பேசலாம் என்றார்கள். தலைமையாசிரியர் என் முந்தானையைப் பிடித்து இழுப்பதற்குள் நான் எழுந்துவிட்டேன்.

"ஐயா, எங்களுக்குப் பரிசு வேணாம். புது அறையில பிள்ளைங்களை உட்கார வைக்க அனுமதி குடுங்க. இதோ இந்தப் பிள்ளைங்கதான் வெயில்ல உட்கார்ந்திருக்காங்க. பெட்டியும் அதே அறையில ஓரமா இருக்கட்டும்."

காளியப்பன் கண்ணை மூடிக்கொண்டார். மெட்ராஸ் அதிகாரி மட்டும் கோபப்படவில்லை. கருணையோடு சிரித்தார்.

"சகோதரியின் ஆர்வத்தைப் பாராட்டுகிறேன். இளம் இரத்தம். ஆனால் அவர் ஒன்றை யோசிக்க வேண்டும். அறையில் குழந்தைகளை உட்கார வைத்துவிட்டால், குழந்தைகளுக்காகத் தீட்டப்பட்ட திட்டத்தை எங்கே வைப்பது?"

இதற்கும் கைதட்டினார்கள்.

"இருந்தாலும் இவ்வளவு அக்கறையுள்ள பள்ளிக்கு ஏதாவது செய்தே தீர வேண்டும்" என்று அவர் தொடர்ந்தார். பக்கத்தில் இருந்தவரிடம் குனிந்து ஏதோ கேட்டார். நிமிர்ந்தார். "கொழிஞ்சனஅள்ளிக்கு இரண்டாவது பெட்டி ஒன்றை இந்த மேடையிலேயே அறிவிக்கிறேன்! அங்கே பழைய அறை ஒன்று இருக்கிறதாமே? அதற்கும் ஓடுகளை மாற்றி, ஒழுகாமல் செய்து, அடுத்த மாதத்துக்குள் ஒப்படைக்கப்படும்."

தலைமையாசிரியர் கையைத் தட்டிக்கொண்டே என் பக்கம் சாய்ந்தார். "அப்போ ரெண்டு மூணு நாலு அஞ்சு எல்லாம் எங்கம்மா உக்காரும்?"

"கையத் தட்டுங்க சார்" என்றேன்.

அவர் தட்டினார். பாவம், அவர் கண் கலங்கியிருந்தது. பயத்திலா, பெருமையிலா, அவருக்கே தெரிந்திருக்காது.

அடுத்தது குழுப் புகைப்படம் என்றார்கள். அதற்கப்புறம் விருந்து. விருந்து முடிந்து, அதிகாரியை வழியனுப்பிவிட்டுத்தான் ஜீப் பெட்டியை ஏற்றிக்கொண்டு கிளம்பும் என்று இன்னாசி சொன்னார். இலை போடும் சத்தம் பின்பக்கம் கேட்டது. மாலையைக் கழற்றலாமா வேண்டாமா என்று பெட்டியைச் சுற்றி நின்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

பெட்டி இங்கே இருந்தது. காவல் இங்கே இருந்தது. பூட்டு இங்கே இருந்தது.

காளியப்பன் என்னிடம் வந்தார். சிரித்தபடிதான் பேசினார், சுற்றிலும் ஆட்கள் இருந்ததால். "ரெண்டாவது பெட்டிய ஏத்துக்கிட்டதா கையெழுத்துப் போடணும். வருத்தம் தெரிவிச்சி ரெண்டு வரி எழுதிக் குடுத்துடு. பொம்பளப் புள்ளன்னு பாக்கறேன். இல்லைன்னா வத்தல்மலைக்கு மாத்தல்தான். அங்க பஸ்ஸும் இல்ல, ஒண்ணும் இல்ல."

"அங்க பெட்டி இருக்குங்களா சார்?"

"மலைமேல எப்படிப் பெட்டி போவும்? அங்க வெறும் புள்ளைங்கதான் இருக்குது."

எனக்கு அதுவரைக்கும் பயமிருந்தது. அந்தப் பதிலைக் கேட்டதும் போய்விட்டது. எங்கள் வீட்டுப் பல்ப் ஒரு தரம் கண்ணில் தெரிந்தது. மலையில் இருந்தாலும் சம்பளம் வரும். வராமலே போனாலும் அப்பாவுக்குச் சந்தை இருக்கிறது. அதற்கு மேல் அதைப் பற்றி நான் யோசிக்கவில்லை.

பிள்ளைகளை எழுப்பினேன். குளிர்ந்த தரையை விட்டு எழ அவர்களுக்கு மனமில்லை. மாதம்மாள் சின்னம்மாளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"அவரும் இல்லைன்னுட்டாரு. சரி வுடுங்க டீச்சர். கேட்டீங்களே, அதுவே போதும். திங்கக்கெழமையிலருந்து..."

"திங்கக்கெழமை வரைக்கும் எதுக்கு? இன்னைக்கே கிளாஸ் இருக்குது. உங்க தெருவுல பெரியவங்க யாரெல்லாம் வூட்ல இருப்பாங்க இப்போ?"

"எதுக்குங்க?"

"புள்ளைங்களோட சேந்து புது ரூமுக்குள்ள உக்காரத்தான்."

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் பிள்ளையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

தலைமையாசிரியர் வாசல் வரை ஓடிவந்தார். "ஏம்மா, எங்க போற? போட்டோவுக்கு நிக்கச் சொல்றாங்க. புள்ளைங்களுக்குச் சாப்பாடு வேற..."

"நீங்க இருந்து நல்லாச் சாப்புட்டு, மெதுவா வாங்க சார். ஒண்ணும் அவசரமில்ல. பெட்டி இருக்குதுல்ல, அத வெச்சி போட்டோ புடிச்சிக்கச் சொல்லுங்க."

"என்ன பண்ணப் போறம்மா நீயி?"

"கிளாஸ் எடுக்கப் போறேன் சார்."

பிள்ளைகளைக் கை கோக்கச் சொல்லி வரிசையாக வெளியே கூட்டிக்கொண்டு வந்தேன். உள்ளே மைக்கில் யாரோ அடுத்த ஐந்தாண்டுகளில் இந்த மாவட்டத்தின் கல்வி எங்கே இருக்கும் என்று பேச ஆரம்பித்திருந்தார்கள். பஸ் ஸ்டாண்டை நோக்கி வேகமாக நடந்தேன். மாதம்மாள் பக்கத்தில் மூச்சு வாங்க வந்தாள்.

"டீச்சர், அவங்க ஜீப்புல வந்து எறங்கி, புள்ளைங்கள வெளிய தொரத்திட்டுப் பெட்டிய உள்ள வைக்கச் சொன்னா?"

"சொல்லட்டும். இத்தன பேரு பாக்க, எந்தப் புள்ளைய மொதல்ல கையப் புடிச்சி வெளிய இழுக்கறதுன்னு அவங்களே பேசி முடிவு பண்ணட்டும்."